உரக்குவியலுக்கு ஒரு வெள்ளை விரிப்பு

விரிப்பக்காவுக்குத் தோட்டம் போட வேண்டும் என்ற எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. குப்பையைக் கண்டால் அவளுக்கு ஆகாது. எல்லாம் அதில் தொடங்கியதுதான்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள் தலைவி. பத்தொன்பது வயதில் வாளியும் துடைப்பமுமாக உள்ளே போனவள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து, திட்டு வாங்கித் தானே கற்றுக்கொண்டாள். அவள் போட்ட படுக்கையில் ஒரு காசைச் சுண்டிப் போட்டால் எகிறிக் குதிக்கும் என்பார்கள். விரிப்பின் நான்கு மூலையையும் மெத்தைக்கு அடியில் அவள் மடித்துச் செருகும் அழகைப் பார்த்துத்தான் உடன் வேலை செய்தவர்கள் விரிப்பக்கா என்றார்கள். பிறகு அவள் குடியிருந்த கட்டடமும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. அவள் கணவரே சில சமயம் மறதியில் "விரிப்பக்கா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அவளுடைய தொழிலில் இரண்டு விதிகள். அறையை முடித்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது, அங்கே அதற்கு முன் ஒரு மனிதர் தங்கியிருந்தார் என்பதற்கு ஒரு முடிகூட சாட்சி சொல்லக் கூடாது. வந்து தங்குகிறவர் கண்ணில் சுத்தம் செய்கிறவர் படக் கூடாது. இந்த இரண்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றித்தான் அவள் தலைவியானாள்.

அப்படிப்பட்டவளுடைய சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, கட்டடத்தின் பின்பக்கம், உடைந்த கழிவறைக் கோப்பையும் துருப்பிடித்த கட்டிலும் யாரோ எப்போதோ தூக்கிப் போட்ட மெத்தையும் கிடந்தன. எத்தனை வருஷம் பொறுப்பாள்? ஒரு விடுமுறை நாளில் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அடுத்த விடுமுறையிலும் இறங்கினாள். இவள் ஒண்டியாக இழுப்பதைப் பார்த்து மாடி வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். குப்பை போனதும் அடியில் மண் தெரிந்தது. நல்ல கறுப்பு மண். இரண்டாவது மாடித் தையல்காரர் சும்மா கிடக்கிறதே என்று ஒரு மூலையில் தக்காளி வைத்தார். அவர் வைத்தால் மற்றவர்கள் கை சும்மா இருக்குமா? பீன்ஸ், மிளகாய், கீரை, முள்ளங்கி என்று ஆளுக்கொரு பாத்தி போட்டார்கள். குழாயடியில் சண்டை வந்தது. சண்டையைத் தீர்க்க விரிப்பக்காவைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து தண்ணீர் முறை, கருவிகளைக் கழுவி வைப்பது, உரக்குவியலைப் புரட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்கென்று ஒரு பாத்தி கிடையாது. கேட்டதும் இல்லை.

பாத்தி வேண்டும் என்று துடித்தவள் பாப்பா.

பாப்பா என்றால் சின்னக் குழந்தை இல்லை. விரிப்பக்காவின் நாத்தனார், அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவள். அண்ணன்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு கைப்பிடி வார்த்தைதான் பேசுவார். அதில் பாதி "பாப்பா" என்பதாக இருக்கும். அதனால் கட்டடம் முழுவதுக்கும் அவள் பாப்பாதான். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, கொல்லையோடு இருந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். பாப்பா ஒரு துணிப்பெட்டியோடும் நாலைந்து வாளி மண்ணோடும் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

"துணி சரி. மண்ணு எதுக்கு?" என்றாள் விரிப்பக்கா.

"என் கொல்லை மண்ணு அண்ணி. வீட்டைத்தானே திருப்பிக் கேட்டாங்க, மண்ணைக் கேக்கலையே."

அன்றிலிருந்து அந்த வீட்டில் தட்டு முட்டுச் சாமான் எல்லாம் நாற்றங்கால்தான். சமையலறை ஜன்னலில் ஜாம் பாட்டில்கள். குளியலறையில் தரை தெரியாமல் தகர டப்பாக்கள். விரிப்பக்கா குளிக்கப் போனால் முதலில் கத்திரி நாற்றை வெளியே எடுத்து வைக்க வேண்டும், பிறகு மிளகாய். குளித்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடி உள்ளே வைக்க வேண்டும்.

"என்னைக்காவது ஒருநாள் ஈர மண்ணுல வழுக்கி விழுந்து மண்டை உடையப்போகுது. அப்ப தெரியும்."

"விழுந்தா மிளகாய்ப் பக்கமா விழாதீங்க அண்ணி. இப்பதான் பூ வச்சிருக்கு."

சொந்த நாத்தனார்தானே, தோட்டத்தில் ஒரு பாத்தியை ஒதுக்கிக் கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். தையல்காரர் தன்னுடையதில் பாதியைத் தருவதாகவே சொன்னார். விரிப்பக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். பாத்திக்காகக் காத்திருப்பவர்கள் வரிசையில் பாப்பா கடைசி. தன் வீட்டு ஆளுக்கு வரிசையை மாற்றினால், நாளைக்குக் குழாயடியில் இவள் பேச்சை எவன் கேட்பான்?

"ரூல்ஸ் பேசியே என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க போலிருக்கு," என்று பாப்பா சிரித்துக்கொண்டு சொல்வாள். அது வெறும் சிரிப்பு இல்லை என்பது விரிப்பக்காவுக்குத் தெரியும். வேறு நகரத்தில் உயரமான கட்டடம் ஒன்றின் உச்சி மாடியில் இருக்கும் மகன் அம்மாவை வந்து இருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். பள்ளி விடுமுறைக்கு வரும்போது கையோடு கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தான்.

"ஜன்னல் வழியா மத்தவங்க செடியைப் பாத்துக்கிட்டு இருக்கணும்னா, அதை அவன் வீட்டுலயே இருந்து பாக்குறேன் அண்ணி. அங்க இன்னும் உசரம். இன்னும் நல்லாத் தெரியும்."

விரிப்பக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே தேய்த்த பாத்திரம். பாப்பா வருவதற்கு முன் அந்த வீடு எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவிருந்தது. பளபளவென்று இருந்தது. ஆனால் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் இருந்தது.

பின்சுவரைத் தாண்டி நகர அலுவலகத்துக்குச் சொந்தமான காலி இடம் ஒன்று இருந்தது. இருக்கிற தோட்டத்தைவிடப் பெரியது. அதுவும் கிடைத்துவிட்டால் காத்திருக்கும் அத்தனை பேருக்கும், கடைசியில் நிற்கும் பாப்பாவுக்கும்கூட, பாத்தி உண்டு. விரிப்பக்கா நகர அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். இடம் தருகிறோம், வேலி போட்டுக் குழாய் இழுப்பது உங்கள் பாடு, கோடைக்குள் முடியாவிட்டால் வண்டி நிறுத்த விட்டுவிடுவோம் என்றார்கள். வேலிக்கும் குழாய்க்கும் எங்கே போவது? மக்கள் கூடி நடத்தும் தோட்டங்களுக்கு ஓர் அறக்கட்டளை மானியம் தருகிறது என்று தையல்காரர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அவர் கடையில் எல்லாரும் கூடி உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்கள். "தோட்டத்தின் நோக்கம் என்ன?" என்று ஒரு கேள்வி இருந்தது. "தக்காளின்னு போடுங்க," என்றார் தையல்காரர். வாக்குவாதம் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் கிட்டத்தட்ட அதையேதான் எழுதினார்கள்.

சில வாரங்களில் அறக்கட்டளையிலிருந்து தொலைபேசி வந்தது. விண்ணப்பம் பிடித்திருக்கிறது, இடத்தை நேரில் பார்க்க ஒருவர் வருவார், அவர் எழுதுவதை வைத்து முடிவு செய்வோம் என்றார்கள்.

விரிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அது ஒரு நிமிஷம்தான். மறு நிமிஷம் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் வருகிறார். வருவதற்கு முன் இடம் தயாராக வேண்டும்.

தோட்டத்தில் அப்போது என்னவெல்லாம் இருந்தன? கால் ஒடிந்து கம்பியால் கட்டிய நாற்காலிகள், சாயங்காலம் உட்கார்ந்து பேசுவதற்கு. வாசலில் மண் அப்பிய பழைய செருப்புகள், யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள. ஒவ்வொரு பாத்தி முனையிலும் பெயர் எழுதிச் செருகிய கரண்டிகள். தக்காளிக் கொடிகளைக் கட்ட தையல்காரர் கொடுத்த பல நிறத் துணிக் கிழிசல்கள். ஆளுக்கொரு அடையாளம் போட்ட பூவாளிகள். குழந்தைகள் சாக்பீஸில் படம் வரைந்த சுவர். நடுவில் வேன்காரரின் பழைய சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பறவை விரட்டும் வைக்கோல் பொம்மை.

அவளுடைய கண்ணில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: விருந்தாளி காலி செய்துவிட்டுப் போன அறை.

முந்தின நாள் ஹோட்டலில் விடுப்பு எடுத்தாள். நாற்காலி முதல் கரண்டிவரை எல்லாவற்றையும் தன் வீட்டுக்குத் தூக்கினாள். வைக்கோல் பொம்மையைக் கணவர் தோளில் போட்டு ஏற்றினார். எதிரே வந்தவர் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போனார். சுவரைத் தேய்த்துக் கழுவினாள். நடைபாதையில் ஒரு சருகு இல்லை. தண்ணீர்க் குழாயை வட்டமாகச் சுற்றி வைத்தாள். துணிக் கிழிசல்களை அவிழ்த்துவிட்டு ஒரே மாதிரி வெள்ளை நூலால் கட்டினாள். கத்திரி இலைகளில் இருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தாள். மிச்சம் இருந்தது உரக்குவியல். அதை என்ன செய்வது? ஹோட்டலில் கழித்துக் கட்டிய வெள்ளை விரிப்பு ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் குவியல்மேல் போர்த்தி, நான்கு மூலையையும் மடித்துச் செருகினாள். ஒரு சுருக்கம் இல்லை.

பாப்பா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணி, தலைகாணி வேணுமா? போடட்டுமா?"

"வாயை மூடிக்கிட்டு உள்ள போ."

பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "நாளைக்கு அவர் வந்துட்டுப் போறவரைக்கும் ஒருத்தரும் கீழ இறங்கக் கூடாது. குழந்தைங்களையும் விடாதீங்க. சொல்லிட்டேன்."

"நாங்க என்ன பேயா, பாத்தா பயந்து ஓட?" என்றார் தையல்காரர்.

"வர்றவங்களுக்கு இடம் அமைதியா இருக்கணும். எனக்குத் தெரியும், விடுங்க."

விரிப்பக்கா சொன்னால் அந்தக் கட்டடத்தில் மறுபேச்சு கிடையாது. அதுதான் வினையாகிப் போனது.

வந்தவர் வழுக்கைத் தலையும் தோளில் பையுமாக இருந்த நடுவயதுக்காரர். வணக்கம் சொன்னார். தோட்டத்துக்குள் நுழைந்தார். நின்றார். நின்றவர் நகரவே இல்லை. அழகில் மயங்கி நிற்கிறார் என்று விரிப்பக்கா நினைத்தாள்.

"ரொம்ப சுத்தமா இருக்கும்மா," என்றார்.

"நன்றி சார்."

"இது என்ன, இங்க யாராவது படுத்திருக்காங்களா?"

"உரக்குவியல் சார்."

அவர் விரிப்பின் மூலையைத் தொட்டுப் பார்த்தார். செருகியிருந்த மடிப்பைப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை போலும், கையை எடுத்துக்கொண்டார்.

"எத்தனை குடும்பம் இங்க பயிர் செய்யுது?"

"கட்டடத்துல பாதிக்கு மேல சார். இன்னும் கொஞ்சம் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

"எங்கே அவங்க?"

"வீட்டுல இருப்பாங்க சார். கொஞ்சம் பேர் வேலைக்குப் போயிருப்பாங்க. கீழ வர வேண்டாம்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"ஏன்?"

"நீங்க வர்றீங்களே சார்!"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கோபமில்லை. இப்படி நிறைய இடங்களைப் பார்த்துச் சலித்துப்போன ஒருவரின் பார்வை. பூசி மெழுகாமல் சொன்னார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மானியம்னா எல்லாரும் ஊர் கூடித்தான் தோட்டம் போட்டதா எழுதுவாங்க. போன தடவை ஓர் இடத்துக்குக் கொடுத்தோம். அப்புறம் போய்ப் பார்த்தா, ஒரே ஒருத்தர் வீட்டு முன்னாடி புல்தரையும் பூட்டின கேட்டும் இருந்துச்சு. இங்கயும் எனக்கு ஒரு தோட்டம் தெரியுது. நல்ல தோட்டம். ஆனா மனுஷங்க யாரும் தெரியலையே. உட்கார ஒரு நாற்காலி இல்லை. ஒரு பூவாளிகூட இல்லை. ஒரே ஆள் சம்பளத்துக்குத் தோட்டக்காரர் வச்சுப் பாத்துக்கிற மாதிரி இருக்கு. நான் கண்ணால பாக்கிறதைத்தானே எழுத முடியும்?"

விரிப்பக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஒருவர் இருந்த தடயம் தெரிகிறது என்பதற்காகத்தான் அவள் திட்டு வாங்கியிருக்கிறாள். தடயம் தெரியவில்லையே என்று ஒருவர் குறை சொல்லி இப்போதுதான் கேட்கிறாள்.

"இருங்க சார், இப்பவே கூப்பிடுறேன்," என்று தையல்காரருக்குத் தொலைபேசி போட்டாள். அவர் எடுக்கவில்லை. அவர் கிளம்பிப் போறவரைக்கும் போன் அடிச்சாக்கூட எடுத்துப் பேசாதீங்க, சத்தம் கீழ கேக்கும் என்று மிரட்டி வைத்தவள் அவளேதான். இன்னும் இரண்டு பேருக்குப் போட்டாள். எல்லாரும் சொல் தவறாதவர்களாக இருந்து தொலைத்தார்கள்.

"பரவாயில்லைம்மா. நேரமாச்சு, எனக்கு இன்னொரு இடம் போகணும்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். நடந்தவர் நின்று திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு உதவிம்மா. எனக்குச் சர்க்கரை. பாத்ரூம் போகணும். கொஞ்சம் அவசரம்."

வேறு எதைக் கேட்டிருந்தாலும் விரிப்பக்கா ஏதாவது சமாளித்திருப்பாள். தண்ணீர் கேட்டிருந்தால் கீழே கொண்டுவந்து கொடுத்திருப்பாள். இதை எப்படிக் கீழே கொண்டுவருவது?

"வாங்க சார்," என்றாள் ஈனக் குரலில்.

அவள் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. மறுபாதியை நாற்காலிகள் பிடித்துக்கொண்டிருந்தன. வந்தவர் பக்கவாட்டில் நுழைந்தார். சோபாவில் சீருடை போட்ட ஒருவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்திருந்தார். "வணக்கம், தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றார் வந்தவர் அவசரத்திலும் மரியாதையாக.

"அவர் பேச மாட்டார் சார்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பாப்பா. "எங்க அண்ணனும் அப்படித்தான். ஆனா அவர் வேலைக்குப் போயிருக்கார். இது வைக்கோல்."

வந்தவருக்குச் சிரிக்கக்கூட நேரமில்லை. விரிப்பக்கா குளியலறைக் கதவைத் திறந்தாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. பாப்பாவின் தகர டப்பாக்களுக்கு மேலே பூவாளிகள், பூவாளிகளுக்கு மேலே மண்வெட்டிகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் செருப்பு மூட்டை.

"பாப்பா! ஓடி வா!"

பிறகு நடந்ததை அந்தக் கட்டடத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். விரிப்பக்கா உள்ளிருந்து எடுத்து நீட்ட, அறக்கட்டளையிலிருந்து வந்தவர் நடுவில் நின்று வாங்க, பாப்பா கூடத்தில் அடுக்கினாள். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டே அவர் ஒவ்வொரு பூவாளியையும் கைமாற்றினார். கைமாற்றும்போதே கண்ணில் பட்டது. ஒன்றில் சிவப்புத் துணி. ஒன்றில் நெயில் பாலிஷில் போட்ட பூ. ஒன்றில் "என்னுடையது, தொடாதே". இன்னொன்றில் "இதுவும்".

"மிளகாயைப் பாத்து சார், பூ வச்சிருக்கு," என்றாள் பாப்பா.

வெளியே வந்தபோது அவர் வேறு மனிதராக இருந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒடிந்த காலுக்குக் கம்பி கட்டிய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். அது ஆடியது, சரியாக எந்தப் பக்கம் சாய்ந்தால் நிற்கும் என்று பாப்பா சொல்லிக்கொடுத்தாள். அவர் கூடத்தைச் சுற்றி மெதுவாகப் பார்த்தார். செருப்புகள், கரண்டிகள், கிழிசல்கள், டப்பாக்கள்.

"இதெல்லாம் எங்க இருந்துச்சு?"

"கீழ சார்," என்றாள் விரிப்பக்கா. தலை நிமிரவில்லை. "நேத்து வரைக்கும் கீழதான் இருந்துச்சு. நான்தான் எடுத்து வச்சேன். அசிங்கமா இருக்கேன்னு."

"இந்தக் கரண்டியில இருக்கிற பேரெல்லாம்?"

"அவங்கவங்க பாத்தி சார்."

"உங்களது எது?"

"அண்ணிக்கு ஏது பாத்தி?" என்றாள் பாப்பா. "ஊருக்கெல்லாம் தண்ணி முறை வைப்பாங்க. எனக்குக்கூட ஒண்ணு தரமாட்டேங்கிறாங்க. வரிசையில கடைசியாம் நான். சொந்த நாத்தனார் சார். குளியலறையில பயிர் பண்றேன், பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா. நல்லாவே பாத்தேன்."

அவர் எழுந்தார். விரிப்பக்கா அவரைப் பார்த்தாள். இப்போது போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் பையைக் கழற்றி சோபாவில், வைக்கோல் மனிதருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அடுத்த இடத்துக்கு லேட்டாகும்னு சொல்லிடுறேன். இதையெல்லாம் திரும்ப எடுத்த இடத்துல வைங்க. நான் இருந்து பாக்கிறேன்."

விரிப்பக்காவுக்கு வாய் எழவில்லை. பாப்பாவுக்கு எழுந்தது. ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, கட்டடமே அதிரக் கத்தினாள்.

"எல்லாரும் வாங்கடியோவ்! வந்து அவங்கவங்க சாமானை எடுத்துக்கிட்டுப் போங்க! வராதவங்களுதை நான் எடுத்துக்குவேன்!"

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். விடியவிடிய ரொட்டி சுட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரர் பாதித் தூக்கத்தில் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். குழந்தைகள் படிக்கட்டில் உருண்டு இறங்கின.

"என் கிழிசலை எவன் அவிழ்த்தது? வெள்ளை நூலால கட்டியிருக்கு! தண்டு அறுந்து போகாதா?" என்று தோட்டத்தில் தையல்காரர் குதித்தார்.

"அவன் இல்லை, அவ. நான்தான்," என்றாள் விரிப்பக்கா.

அவர் பொசுக்கென்று அடங்கினார். "சரி... பரவாயில்லை. பாக்க நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் அறுக்கும்."

"அது என் பூவாளி, கீழ வையுங்க."

"இது எப்ப உங்களுது ஆச்சு? நெயில் பாலிஷ் என் வீட்டுக்காரி போட்டது."

"அப்ப என்னுது எங்கே?"

"போன வாரம் இரவல் வாங்கிட்டுப் போனீங்களே, உங்க வீட்டுலயே தேடுங்க!"

அறக்கட்டளைக்காரர் ஒடிந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் போட்டு, சொல்லிக்கொடுத்த பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, சண்டையை ரசித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் ஆளோடு ஆளாக அவர் கையில் ஒரு பூவாளியைக் கொடுத்து, "சும்மாதானே இருக்கீங்க, அந்தக் கீரைக்குக் கொஞ்சம் ஊத்துங்க," என்றார். அவர் யார் என்று ரொட்டிக்கடைக்காரருக்குத் தெரியாது. அவரும் ஊற்றினார்.

போகும்போது உரக்குவியலிடம் வந்து நின்றார். "இப்பவாவது இதைத் திறந்து காட்டுவீங்களா?"

விரிப்பக்கா குனிந்து ஒரு மூலையை உருவினாள். ஆவி அடித்தது. வெள்ளை விரிப்பின் உட்பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை. இனி எந்தச் சோப்புக்கும் போகாது. அவர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய், தலையை ஆட்டி, விரல் இடுக்கில் ஒழுகவிட்டார்.

"முடிவு என் கையில இல்லைம்மா. ஆனா நான் பாத்ததை எழுதுவேன். பாத்ரூம்ல பாத்ததையும் சேத்து."

பதில் வரும்வரை விரிப்பக்காவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மகன் வருகிற தேதியைச் சொல்லிவிட்டான். பாப்பா துணிப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்தாள். விரிப்பக்கா அதை ஒருநாள் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் அது வெளியே இருந்தது.

பதில் வந்தபோது அவள் ஹோட்டலில், யாரோ காலி செய்த அறையில், ஒரு கையில் தலையணையோடு நின்றாள். தொலைபேசியில் பேசிய பெண், மானியம் தருவதாக முடிவாகியிருக்கிறது என்றாள். வேலிக்கும் குழாய்க்கும் போதும். கூடவே ஒரு நிபந்தனை: உட்கார நல்ல பெஞ்சுகள் போட வேண்டும், நாற்காலிகள் ஆபத்தாக இருப்பதாகப் பார்வையிட்டவர் எழுதியிருக்கிறார். விரிப்பக்கா நன்றி சொல்லி வைத்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் செய்யாத காரியம், விருந்தினர் படுக்கையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது போல இருந்தது. மூச்சு ஆழமாகப் போய் வந்தது. எழுந்ததும் விரிப்பை மறுபடி நீவிவிட்டாள், அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பாப்பா ஒரு நிமிஷம் பேசவில்லை. அண்ணனுக்குத் தங்கைதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"வரிசையில கடைசிக்கும் வருமா அண்ணி?"

"வரும். அளந்து பாத்துட்டேன். சுவர் ஓரம் மூலைப் பாத்தி. வெயில் கொஞ்சம் குறைவு. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடு, மாத்தித் தர முடியாது."

"ரூல்ஸ்," என்றாள் பாப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மகன் வந்தான். சுற்றிப் பார்த்தான். காலி இடத்தில் நாலு பேரோடு வேலிக்கம்பம் நட்டுக் கையில் கொப்புளம் வாங்கிக்கொண்டான். தனியாகத்தான் திரும்பிப் போனான். துணிப்பெட்டி பரணுக்கு ஏறியது. இந்தத் தடவை வேன்காரரே ஏணி போட்டு ஏற்றினார். அன்றைக்கு அவர் பேசிய வார்த்தைகளைச் சேர்த்தால் ஒரு முழு வாக்கியம் தேறும்.

மண்ணும் டப்பாக்களும் எல்லாம் மூலைப் பாத்திக்குப் போன நாளில், விரிப்பக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீரக் குளித்தாள். எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை, எதையும் திரும்ப வைக்க வேண்டியதில்லை. குளித்துவிட்டுத் தரையைத் தேய்த்தாள். டப்பாக்கள் இருந்த இடமெல்லாம் துரு வட்டங்கள். எந்தத் திரவத்துக்கு அது போகும் என்று அவளுக்குத் தெரியும், போட்டாள், போனது. பிறகு சமையலறை ஜன்னலையும் துடைத்தாள். ஜாம் பாட்டில்கள் இருந்த தடயமே இல்லை. தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டாள்.

மறுநாள் காலை தேநீர் போட வந்தவள் ஜன்னலைப் பார்த்து நின்றாள். மண் நிரப்பிய ஒரு ஜாம் பாட்டில் அங்கே உட்கார்ந்திருந்தது. அடியில் ஈரம் கசிந்து, பளிங்குத் திட்டில் ஒரு பழுப்பு வளையம் போடத் தொடங்கியிருந்தது.

"பாப்பா! இது என்ன? அதான் பாத்தி வந்தாச்சே!"

"பாத்தியில போய் விதை போட முடியுமா அண்ணி?" என்றாள் பாப்பா, இதுகூடத் தெரியாதா என்பது போல. "முதல்ல இங்க முளைக்கணும். கொஞ்சம் வளந்தப்புறம்தான் கீழ கொண்டுபோய் நடணும். அது போனா அடுத்தது. வருஷம் முழுக்க வந்துக்கிட்டுத்தான் இருக்கும்."

விரிப்பக்கா துடைக்கும் துணியை எடுத்தாள். வளையத்தைத் துடைத்தாள். துணியை நான்காக மடித்து, மூலைக்கு மூலை சரிபார்த்து, பாட்டிலுக்கு அடியில் வைத்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.